ஜன்னலோரம் ஒரு சாப்பாட்டு மேசை

மார்ச் 2

என்னங்க,

போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறாளே என்று தலையில் கை வைக்காதீர்கள். போனில் நாம் "சாப்டியா", "சாப்டாச்சு" என்பதைத் தாண்டியதே இல்லை. தாண்டினால் சண்டைதான். கடிதம் என்றால் நீங்கள் பாதியில் 'டக்' என்று வைத்துவிட்டுப் போக முடியாது. அப்படியே போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

வேலை நன்றாகப் போகிறது. பேக்டரியில் கட்டிங் பிரிவில் முப்பது பேர் என் பொறுப்பில் இருக்கிறார்கள். துணி வெட்டுவதற்கு முன்னால் அளவு வெட்டிய பேட்டர்ன் காகிதம் என் கையெழுத்துக்கு வரவேண்டும். "மேடம், பார்த்துட்டீங்களா" என்று பின்னாலேயே வருகிறார்கள். என்னை மேடம் என்று கூப்பிடுவதைக் கேட்டால் உங்கள் தம்பி சிரித்தே செத்துவிடுவார்.

தங்கியிருப்பது இரண்டாம் மாடியில் ஒரே ஒரு அறை. கூடம், சமையலறை, படுக்கை எல்லாம் அதற்குள்ளேதான். கதவைத் திறந்தால் இடது பக்கம் கட்டில், வலது பக்கம் அடுப்பு மேடை, எதிரே ஜன்னல். நடுவில் நான் நிற்கிறேன். அவ்வளவுதான் வீடு. குளியலறைக் கதவு வேறு வெளிப்பக்கமாகத் திறந்து, இருக்கிற தரையில் கால்வாசியைத் துடைத்துக்கொண்டு போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம் வேண்டும். இப்போது அடுப்பு மேடையில் தட்டை வைத்துவிட்டு நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். கட்டிலில் உட்கார்ந்தால் படுக்கையெல்லாம் சோறு. பட்டறையில் பஸ் பாடி கட்டி, அதற்குள் அறுபது பேரையும் அவர்கள் மூட்டையையும் அடக்குகிற ஆள் நீங்கள். ஒரு மேசையை அடக்க வழி சொல்ல மாட்டீர்களா?

நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸின் பின்பக்கத் தகட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதை இங்கே எழுதக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். எழுதிவிட்டேன்.

— நான்

மார்ச் 9

கடிதம் வந்தது.

அந்தத் தகடு ஆடியது. ரிவெட் விட்டிருந்தது. டிரைவரிடம் சொல்லத்தான் நின்றேன். நீ அந்த வண்டியில்தானே போகிறாய்.

ஒரு ஆளுக்கு எதற்கு மேசை? மடியில் தட்டை வைத்துச் சாப்பிடலாம். நான் இத்தனை வருஷம் அப்படித்தானே சாப்பிட்டேன். டி.வி. முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று ஊரெல்லாம் சொன்னாயே, வீட்டில் மேசை ஒன்று இருந்ததே, அதில் யார் உட்கார விட்டார்கள்? எப்போது பார்த்தாலும் துணி, கத்திரி, சாக்குக்கட்டி. ஒரு நாள் சோற்றில் குண்டூசி வந்தது. துப்பிவிட்டு எழுந்து போனவன்தான். அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. மகள் கல்யாணமாகிப் போன பிறகாவது அந்தத் துணியெல்லாம் போகும் என்று பார்த்தேன். இரண்டு மடங்கு ஆனது.

அது போகட்டும்.

குளியலறைக் கதவு எவ்வளவு தூரம் வரும்? ஜன்னலுக்குக் கீழே சுவர் எவ்வளவு உயரம், விளிம்பு தாங்குமா, வெறும் பூச்சு வேலையா? சுவரில் ஆணி அடிக்கலாமா? தரை சமமா? கோலிக்குண்டு ஒன்றை உருட்டிவிட்டுப் பார்த்துச் சொல். முக்கியமாக, எத்தனை பேர் உட்காருவதற்கு? அது தெரியாமல் வேலையில் கை வைக்க முடியாது.

தம்பி கேட்டதாகச் சொல்லச் சொன்னான். இப்போது சமையல் அவன்தான். வாயைத் திறந்து குறை சொல்ல முடியவில்லை, சொன்னால் கரண்டியை என் கையில் கொடுத்துவிடுவான்.

— பட்டறை

மார்ச் 15

என்னங்க,

குண்டூசி ஒரே ஒரு தடவை. அதை இன்னும் எத்தனை வருஷம் வாயில் வைத்திருப்பீர்கள்?

மேசையில் துணி இருந்தது, உண்மைதான். மகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் அந்த மேசையில்தான் தைத்தேன், மறந்துவிட வேண்டாம். ஆனால் நீங்கள் ஒரே ஒரு நாள், "இதைக் கொஞ்சம் ஒதுக்கு, ரெண்டு பேரும் உக்காருவோம்" என்று சொல்லியிருந்தால் ஒதுக்கியிருப்பேன். நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு டி.வி. முன்னால் போனீர்கள், உங்கள் தம்பி பின்னாலேயே போனார். நான் உங்களுக்கு ஒரு தடவை, அவருக்கு ஒரு தடவை, தண்ணீருக்கு ஒரு தடவை என்று நடந்தே முடித்து, மிச்சத்தை அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டேன். இங்கே வந்து தனியாக இருக்கும்போதும் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன் என்று பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. யாரும் காத்திருக்கவில்லை, யாருக்கும் பரிமாற வேண்டாம், அப்படியும் நிற்கிறேன். கால் பழகிவிட்டது.

அதனால்தான் மேசை கேட்டேன். எனக்கு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொன்னால்கூடப் போதும், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இனி உங்கள் கேள்விகள். குண்டு கிடைக்கவில்லை, நூல் உருளையை உருட்டிப் பார்த்தேன். போட்ட இடத்திலேயே நின்றது, தரை சமம். ஜன்னல் விளிம்பு கல், தாங்கும். பூந்தொட்டி வைத்துப் பார்த்தேன், பிறகு நானே ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். ஆணி என்ற பேச்சே கூடாது. கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா இருக்கிறார். முன்னால் இருந்தவர் படம் மாட்ட ஆணி அடித்து, தண்ணீர்க் குழாய் உடைந்து, இவர் கட்டில் வரைக்கும் நனைந்ததாம். நான் பூண்டு இடித்தால்கூட "மேலே என்ன சத்தம்?" என்று வந்து நிற்கிறார்.

இடம் எங்கே என்பதற்கு நான் ஒரு வேலை செய்தேன். பிரவுன் பேப்பரில் மேசையை அசல் அளவுக்கு வெட்டித் தரையில் போட்டு அதைச் சுற்றியே நடந்தேன். முதல் நாள் குளியலறைக் கதவு பேப்பரைக் கிழித்தது. ஓரம் வெட்டிச் சின்னதாக்கினேன். மறுநாள் இரவு மறந்துபோய் அதன் மேலேயே நடந்து போனேன், அப்படியென்றால் அது வழியில் இருக்கிறது. நகர்த்தினேன். கடைசியில் ஜன்னலிலிருந்து அறைக்குள் நீளவாட்டில் வருகிற மாதிரி போட்டதும் எல்லாம் அடங்கிவிட்டது. கதவு திறக்கிறது, நானும் இடிபடாமல் போகிறேன். ஆனால் காலையில் துணி உலர்த்துகிற நேரத்துக்கு அது மடங்கி ஒதுங்க வேண்டும்.

எத்தனை பேருக்கு என்று வாடிக்கையாளரிடம் கேட்பது மாதிரி கேட்கிறீர்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஒருத்திக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

— நான்

மார்ச் 22

கத்திரிக்கு,

ஒருத்திக்கு. எழுதிக்கொண்டேன்.

மூன்று நாள் யோசித்தேன். ஆணி கூடாது, நாலு கால் வைத்தால் கால் இடிக்கும், மடங்கவும் வேண்டும். பட்டறையில் டீ குடித்துக்கொண்டு நின்றபோது கையில் பிடித்திருந்தது என்ன தெரியுமா? பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் பிடிக்கிற கம்பி. தரையிலிருந்து கூரை வரைக்கும் போகும் நேர்க்கம்பி. அதேதான். உன் அறையில் அது போல ஒன்றைத் தரைக்கும் கூரைக்கும் நடுவில் நிறுத்துகிறோம். மேலேயும் கீழேயும் வழுக்காமலிருக்க ரப்பர் புஷ். அடியில் ஒரு திருகு, அதைச் சுற்றினால் கம்பி இறுகி நிற்கும். ஆணி கிடையாது, துளை கிடையாது, உன் வீட்டுக்காரம்மா கட்டில் நனையாது. மேசைப் பலகையின் ஒரு முனை ஜன்னல் விளிம்பில் உட்காரும். இன்னொரு முனை கம்பியில் கீல் வைத்து நிற்கும். வேண்டாதபோது மேலே தூக்கிக் கம்பியோடு கொக்கி மாட்டிவிடலாம்.

பலகையை அகலம் குறைத்துத்தான் போடப்போகிறேன். தட்டு வைக்கலாம், டம்ளர் வைக்கலாம். ஒரு சட்டைக் கையைக்கூட விரித்து வெட்ட முடியாது. இதைத் தெரிந்துதான் செய்கிறேன், பிறகு என்னிடம் சண்டைக்கு வராதே.

பேப்பரை அப்படியே மடித்து அனுப்பு. கூரை உயரத்துக்கு ஒரு நாடாவை வெட்டி அனுப்பு. எண் எழுதாதே, போன வருஷம் நீ ஏழு என்று எழுதியதை நான் ஒன்று என்று படித்துத் திரைக் கம்பி வீணாயிற்று.

நம் மேசை இப்போது காலியாகக் கிடக்கிறது. நீ போன பிறகு அதில் ஒன்றும் இல்லை. நேற்று தட்டைக் கொண்டுபோய் அதில் வைத்து உட்கார்ந்து பார்த்தேன். தம்பி, "என்னண்ணே, இங்கே உக்காந்துட்டே, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டான். எழுந்து வந்துவிட்டேன். அவ்வளவு பெரிய மேசை, எந்த மூலையில் உட்கார்ந்தாலும் விருந்தாளி மாதிரி இருக்கிறது.

— பட்டறை

மார்ச் 27

என்னங்க,

பேப்பரும் நாடாவும் உள்ளே. பேப்பரில் ஒரு இடத்தில் கால் தடம் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். நாடாவைக் கட்டில் மேல் நாற்காலி போட்டு ஏறிப் பிடித்தேன். வீட்டுக்காரம்மா கீழே நுனியைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கும்மா இவ்வளவு பாடு? ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டா ஆகாதா?" என்றார். ஆகாது என்றேன்.

கவனமாக அளந்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம்.

காலியான மேசையைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

— கத்திரி

ஏப்ரல் 16

கத்திரிக்கு,

பார்சல் போட்டாயிற்று. நம் பட்டறை வண்டி ஒன்று அந்தப் பக்கம் டெலிவரிக்குப் போகிறது, டிரைவரே மாடி வரை தூக்கி வைத்துவிடுவார். தாமதத்துக்குக் காரணம் முதலாளி. "இது எந்த வண்டிக்குப்பா?" என்று ஒவ்வொரு நாளும் வந்து கேட்டார். வீட்டுக்கு என்றேன். "உன் வீட்டுக்குச் சக்கரம் எப்போ போட்ட?" என்று பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். எல்லோருக்கும் ஒரு வாரத்துக்கு அதுதான் பொழுதுபோக்கு.

உள்ளே இருப்பவை: கம்பி ஒன்று, மூன்று துண்டாக, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகித் திருகவேண்டும். பலகை ஒன்று, ஓரமெல்லாம் ரப்பர் பட்டை அடித்திருக்கிறேன், இடுப்பில் இடித்தாலும் வலிக்காது. கீல், கொக்கி, திருகு தனிப்பையில். கம்பியை முதலில் நிறுத்து, அப்புறம்தான் பலகை. திருகைக் கையாலேயே இறுக்கு. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் கூரைப் பூச்சு உதிரும்.

இன்னொன்றும் இருக்கும். சீட். நீ நாற்காலி கேட்கவில்லை, ஆனால் எதில் உட்காருவாய்? பழைய வண்டி ஒன்றைப் பிரித்தோம், அதிலிருந்து எடுத்து புது ஸ்பாஞ்ச் போட்டு பச்சை ரெக்சின் மாட்டினேன். அது இரண்டு பேர் சீட். ஒற்றை சீட் என்றால் கண்டக்டர் சீட்தான் இருந்தது. அதை வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதில் உட்கார்ந்தால் நீ மறுபடியும் எழுந்து எழுந்து எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டுதான் இருப்பாய்.

சுவர்ப் பக்கம் முதுகு வருகிற மாதிரி போடு. ஜன்னல் ஓரம் உன் பக்கம். கல்யாணமான புதிதில் எந்த வண்டி ஏறினாலும் ஜன்னல் சீட்டுக்கு என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போவாயே.

— பட்டறை

ஏப்ரல் 21

என்னங்க,

கம்பி எட்டவில்லை.

திருகை முழுக்க ஏற்றிய பிறகும் மேலே இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது. பலகையும் நீங்கள் சொன்ன அகலத்தில் மட்டுமில்லை, நீளத்திலும் நான் அனுப்பிய பேப்பரைவிடச் சின்னது, மேலே வைத்துப் பார்த்தேன். அதாவது நான் அனுப்பிய அளவில் நீங்கள் செய்யவில்லை. உங்கள் மனசுக்கு என்ன தோன்றியதோ அந்த அளவில் செய்திருக்கிறீர்கள்.

இங்கே என் கையெழுத்து இல்லாமல் ஒரு கஜம் துணி வெட்டப்படுவதில்லை. என் பேட்டர்னை முப்பது பேர் நம்புகிறார்கள். நீங்கள் நம்பவில்லை. அதை வேலை கிடைத்த அன்றே சொன்னீர்கள். டி.வி.யிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "உன்னால தனியா சமாளிக்க முடியாது, ரெண்டு மாசத்துல வந்துடுவ" என்றீர்கள். அதற்கு நான் எகிறினேன், நீங்கள் "அப்ப போ" என்றீர்கள். நான் வந்துவிட்டேன்.

கம்பி கட்டிலுக்கடியில் கிடக்கிறது. பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது. நான் அடுப்பு மேடையில் நின்று சாப்பிடுகிறேன்.

ஏப்ரல் 30

என்னங்க,

பதில் இல்லை. போன கடிதத்தைக் கோபத்தில் எழுதினேன். வாபஸ் வாங்குகிறேன் என்று இல்லை, கோபத்தில் எழுதினேன் என்று மட்டும் சொல்கிறேன்.

வீட்டுக்காரம்மா இன்று மேலே வந்தார். கம்பி நிறுத்தும்போது அது சாய்ந்து 'டங்' என்று விழுந்ததைப் பற்றி இன்னும் கேட்டு முடிக்கவில்லை. வந்தவர் பச்சை சீட்டைப் பார்த்தார். கேட்காமலேயே உட்கார்ந்தார். கையால் தடவிப் பார்த்தார், ஒரு தடவை குதித்துக்கூடப் பார்த்தார். "நல்லா இருக்கே! யாரு செஞ்சது?" என்றார். எங்க வீட்டுக்காரர் என்றேன். "அவரு எங்கே?" ஊரில் என்றேன். அப்புறம் காலியாக இருந்த பக்கத்தைத் தட்டி, "அப்ப இது யாருக்கு?" என்று கேட்டார். நான் டீ வைக்கிறேன் என்று எழுந்து போனேன், அதாவது எழவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன். அவர் உட்கார்ந்து குடித்தார், நான் நின்று குடித்தேன். என் வீட்டில் எனக்கு இப்படி ஒரு வியாதி.

அவர் போன பிறகு சீட்டில் உட்கார்ந்தேன். ஜன்னல் ஓரமாக. எதிரே மேசை இல்லாமல் உட்கார்ந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரியே இருக்கிறது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஏன் குறைத்து வெட்டினீர்கள்? வேண்டுமென்று செய்கிற ஆள் இல்லை நீங்கள். வேலையில் அலட்சியமும் கிடையாது. எங்கள் எல்லோரையும் விட அந்தப் பட்டறையைத்தான் நீங்கள் ஒழுங்காகக் கவனித்தீர்கள். அதனால்தான் எனக்குப் புரியவில்லை.

— நான்

மே 5

கத்திரிக்கு,

இரண்டு கடிதமும் சேர்ந்துதான் கையில் வந்தது. பட்டறை விலாசத்துக்கு எழுதியிருந்தாய், நான் வெளியூரில் ஒரு வண்டி வேலையாகப் போயிருந்தேன். பதில் எழுதாமல் ரோஷத்தோடு உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதே.

ஏன் குறைத்தேன்? நீ கூட்டி அளந்திருப்பாய் என்றுதான்.

கல்யாணமான வருஷம் சுவர் மாடத்துக்கு ஒரு பலகைத் தட்டு கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ அளந்து கொடுத்தாய். செய்து கொண்டுவந்தால் உள்ளே போகவில்லை. இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்து அரை நாள் இழைத்தேன். கேட்டால், "தையலுக்கு ரெண்டு விரல் விட்டேன்" என்றாய். பலகைக்கு ஏது தையல்? அதற்கப்புறம் கொசுவலைச் சட்டம், மகளுக்குக் கட்டில், அலமாரி. நீ எது அளந்தாலும் இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல் கூடத்தான் இருக்கும். நானும் உன்னிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு சொல்வதை விட்டேன். நீ கொடுப்பதில் நாலு விரலைக் கழித்துவிட்டு வெட்டுவேன். அப்புறம் எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. நீயும் "பாத்தீங்களா, என் அளவு" என்பாய். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இந்தத் தடவையும் நாடாவை மேசை மேல் விரித்து நாலு விரல் கழித்தேன். பேப்பரிலும் அப்படித்தான். உன்னை நம்பாமல் இல்லை. உன்னை இவ்வளவு நாளாகத் தெரியும் என்று நினைத்துத்தான் செய்தேன். இப்போது பார்த்தால் நீ மாறியிருக்கிறாய், எனக்குத் தெரியவில்லை. அது எனக்குக் கம்பி எட்டாததை விடக் கஷ்டமாக இருக்கிறது.

நீ இரண்டு மாசத்தில் வந்துவிடுவாய் என்று சொன்னதும் அப்படித்தான். வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு மாசம் தாண்டியாயிற்று. முதல் கடிதத்தில் முப்பது பேர் பின்னால் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை முதலாளிக்கும் வாசித்துக் காட்டினேன்.

கம்பிக்கு ஒரு ஒட்டுத் துண்டு வேண்டும். அதைப் பார்சலில் அனுப்ப முடியாது. அங்கே நிறுத்திப் பார்த்து அறுத்துச் செருகவேண்டிய வேலை. பட்டறையிலிருந்து ஒரு ஆளை அனுப்பலாமே என்று முதலாளி சொன்னார். ஆள் இல்லை என்றேன். அவர் என்னையே பார்த்தார், "பத்து நாள் எடுத்துக்கோ" என்றார்.

அதனால் நானே வரலாமா என்று கேட்கிறேன். ரம்பமும் அரமும் எடுத்து வைத்துவிட்டேன். டேப் எடுத்து வைக்கவில்லை. நீ அளந்து சொல், அப்படியே அறுக்கிறேன், ஒரு நூல்கூடக் கழிக்க மாட்டேன். பத்து நாளுக்குப் பிறகு என்ன, உன் ஊரா, என் ஊரா என்பதை அந்த மேசையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். எதிரெதிரே உட்கார்ந்தால் நாம் முறைத்துக்கொள்வோம். நல்ல வேளை, அது பஸ் சீட்.

வேண்டாம் என்றால் அதையும் எழுது. அளவை மட்டும் அனுப்பு, இங்கேயே வெட்டி அனுப்பிவிடுகிறேன்.

— பட்டறை

மே 10

என்னங்க,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன். பிறகு சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. கீழேயிருந்து "மேலே என்ன சத்தம்?" என்று குரல் வந்தது.

நாடாவை எப்படி வெட்டினேன் என்று சொல்கிறேன். வழக்கம் போல மேலே இரண்டு விரல் விட்டுத்தான் கத்திரியை வைத்தேன். அப்போது நீங்கள் வாசலில் உட்கார்ந்து அந்தத் தட்டை இழைத்தது கண் முன்னால் வந்தது. தலையெல்லாம் மரத்தூள், வியர்வை, என்னைப் பார்த்து ஒரு முறைப்பு. பாவம் மனுஷர், இந்தத் தடவையாவது அவரை இழைக்க வைக்கக் கூடாது என்று கத்திரியைக் கீழே இறக்கி, கூரை தொட்ட இடத்தில் சரியாக வெட்டினேன். பேப்பரிலும் ஓரத்தைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி நறுக்கினேன். பேக்டரியில் ஒவ்வொரு பேட்டர்னிலும் 'தையலுக்கு விட்டது', 'விடாதது' என்று எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன். எழுதாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். உங்களுக்கு மட்டும் எழுதவில்லை. உங்களுக்கு எதற்கு எழுதவேண்டும், உங்களுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

இத்தனை வருஷம் நாலு விரல் கழித்துவிட்டு வாயே திறக்காமல் இருந்திருக்கிறீர்கள். நானும் என் அளவு என் அளவு என்று பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வாருங்கள், இதற்குத் தனியாக ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

நீங்கள் கேட்ட அளவு: திருகைப் பாதி ஏற்றி வைத்துவிட்டு மேலே எவ்வளவு இடைவெளி என்று நாடா வைத்து வெட்டினேன், உள்ளே வைத்திருக்கிறேன். தையலுக்கு விடாதது. கையெழுத்தும் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

என் பழைய கடிதத்தில் ஒரு திருத்தம் உண்டு. ஒருத்திக்கு என்று எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அதை அடித்துவிடுங்கள்.

வீட்டுக்காரம்மாவுக்கு அந்தச் சீட் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. சாயங்காலமானால் டீ குடிக்கிற சாக்கில் மேலே வந்துவிடுகிறார். நேற்று வந்தவர் உட்காரப் போனார், நின்றுவிட்டார். ஜன்னல் ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், எழவில்லை. பக்கத்து இடத்தில் உங்கள் பழைய துண்டு கிடந்தது. பையில் எப்படியோ என்னோடு வந்துவிட்டதே, அந்த நீலக் கட்டம் போட்டது.

"என்னம்மா, துண்டு போட்டு வச்சிருக்கே?" என்றார்.

"ஆள் வருதும்மா" என்றேன்.

— கத்திரி